எஃப்டிபி: கடன் நோட்டு போல ஒரு தொழில்நுட்பம்

பி.காம். படிக்கிறவனுக்கு எஃப்டிபி வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதுதானே பாதி வியாபாரம்? கோப்பும் சரக்குதான்!

இணையதளம் என்பது எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் கோப்புகளின் தொகுப்பு. நம் கணினியில் செய்த பக்கத்தை அங்கே ஏற்றினால்தான் ஊர் பார்க்கும். அப்படி ஏற்றுவதற்குப் பல வருடங்கள் பெரும்பாலோர் நம்பியிருந்தது எஃப்டிபியைத்தான்.

இதன் முதல் வரைவை எழுதியவர் ஒரு இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். பிறகு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனார். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்எஃப்சி 114 என்ற ஆவணம்தான் அந்த வரைவு. டிம் பெர்னர்ஸ் லீ வலையை முன்மொழிந்தது 1989இல். அதாவது, இணையதளம் வருவதற்கு முன்பே அதை ஏற்றும் வழி வந்துவிட்டது!

1985இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் ஆர்எஃப்சி 959இல் இதற்கு நிலையான வடிவம் கொடுத்தார்கள். இதில் இரண்டு இணைப்புகள் உண்டு. கட்டளை ஒன்றில் போகும், கோப்பு இன்னொன்றில் போகும். ஆர்டர் தபாலில் போய், சரக்கு லாரியில் வருவது போல.

சாதாரண ஆட்களுக்கு இது எளிதானது 1990களில்தான். 1993இல் ஜான் ஜூனாட் விண்டோஸுக்காக டபிள்யூஎஸ்-எஃப்டிபி மென்பொருளை எழுதினார். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர். கட்டளைகளை மனப்பாடம் செய்யாமலே கோப்பை அனுப்பலாம். 2001இல் டிம் கோஸ்ஸே தொடங்கிய ஃபைல்ஸில்லா இலவசமாகவே கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை. நம் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். பீரோ சாவி இருக்கும் இடத்தைத் தபால் அட்டையில் எழுதி அனுப்புவது மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அண்ணாச்சி கடைக் கடன் நோட்டை நினைத்துப் பாருங்கள். தெருவில் எல்லோரையும் அவருக்குத் தெரியும், அதனால் கையெழுத்துகூடக் கேட்பதில்லை. 1971இன் அர்ப்பாநெட்டும் அப்படித்தான். ஓரிரு டஜன் கணினிகள், ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். சந்தை உலகளவு பெரிதான பிறகும் அதே நோட்டு நீடித்ததுதான் சிக்கல்.

மாற்று இல்லாமலும் இல்லை. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதற்குப் பதிலாக அங்கிருந்த தாத்து யுலோனன் எஸ்எஸ்ஹெச் முறையை உருவாக்கினார். அதன் மேல் வந்ததுதான் எஸ்எஃப்டிபி. கடவுச்சொல், கோப்பு இரண்டும் பூட்டிய பெட்டியில் போகும். இருந்தும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் எஃப்டிபியைக் கைவிட்டது 2021இல்தான். 26 வருடங்கள்!

பழகிய வழியை மாற்றச் செலவாகும். மாற்றாமல் இருப்பதன் செலவோ எந்தப் பேரேட்டிலும் ஏறாது, திருட்டு நடக்கும் வரை. நீங்கள் தளம் ஏற்றும்போது ஒரு நிமிடம் பாருங்கள். போர்ட் எண் 21 என்றிருந்தால், 22க்கு மாற்றி எஸ்எஃப்டிபி வசதி உண்டா என்று சர்வர்காரரிடம் கேளுங்கள்.