பருவ விரிசல்

தோட்டா என்றதும் நம் வரலாற்று நினைவில் எழுவது 1857இன் கொழுப்பு தடவிய காகிதத் தோட்டாதான். அதற்குப் பின் வந்த பித்தளைத் தோட்டாவுக்கும் இந்த மண்ணில் ஒரு கதை உண்டு. அதில் கலகமில்லை, குதிரை மூத்திரம் உண்டு.

ஆங்கிலேயப் படைக்கு இந்திய மழைக்காலம் பெரும்பாலும் ஓய்வுக்காலம். தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கிவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பார்கள். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால், ஒருவரும் தொடாத தோட்டாக்களில் விரிசல் கண்டிருக்கும். அதிலும் பித்தளைக் கூட்டின் வாய் குண்டை இறுகக் கவ்வும் இடத்தில். பருவத்தோடு வந்த நோயாதலால் 'பருவ விரிசல்' என்று பெயரிட்டார்கள். உலோகவியலில் அப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பாவம், மழை!

தோட்டாக் கூடு செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை. தட்டையான வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுகளின் வழியே படிப்படியாக இழுத்து நீட்டுகிறார்கள். குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். ஆகவே இடையிடையே உலையில் காய்ச்சி இளக்கவேண்டும். கடைசியில் கழுத்தை நெருக்கிய பிறகு காய்ச்சாமல் விட்டால், நெருக்கிய விசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நாணேற்றிச் சுவரில் மாட்டிய வில்லைப் போல.

1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினர். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றின் துணையோடு பித்தளையை அரிக்கிறது. உள்ளே தங்கிய விசை அந்த அரிப்பைப் பிளவாக விரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கேடு. லாயத்தை மாற்றுவதைவிடத் தோட்டாவை மாற்றுவது எளிது: 300 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்தால், வலிமை பெரிதும் குன்றாமல் உள்விசை தணிகிறது. தணிந்ததா என்றறியப் பாதரச நைட்ரேட்டுக் கரைசலில் கூட்டை அமிழ்த்திப் பார்ப்பார்கள். விசை மிஞ்சியிருந்தால் விரிசல் விடும்.

ஆலையின் இந்தச் சூடு பின்னர் வீட்டுப் பட்டறைக்கும் வந்தது. அமெரிக்காவில் சுட்ட கூட்டையே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர் ஏராளம். சுடும்போது கழுத்து விரிகிறது; நிரப்புமுன் அதை மறுபடி நெருக்குகிறார்கள். சில சுற்றுகளில் அது இறுகிப் பிளக்கும். அதற்கு அவர்கள் கண்ட கருவி ஒரு தட்டும் நீரும்தான். கூடுகளைப் பாதியளவு நீரில் நிற்கவைத்து, ஊதுவிளக்கின் சுடரைக் கழுத்தில் சில விநாடி காட்டி, அப்படியே நீருக்குள் சாய்த்துவிடுவார்கள். எஃகைப் போலப் பித்தளை நீர் பட்டு இறுகுவதில்லை. சூடு அடிப்பாகத்துக்கு இறங்காமல் தடுப்பதே நீரின் வேலை. வெடிமருந்தின் அழுத்தத்தை அடிப்பாகமே தாங்குகிறது. அது இளகினால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. இன்னும் எளியதொரு முறையில் மெழுகுவர்த்தியே போதும்: அடியை விரலால் பிடித்துக் கழுத்தைச் சுடரில் சுழற்றுவார்கள்; விரல் பொறுக்காதபோது விட்டுவிடுவார்கள். வெப்பமானி விரல்தான்!

காய்ச்சிய கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படியும். கடைச்சரக்கில் அதைத் துலக்கி அகற்றிவிடுவது வழக்கம். அமெரிக்க ராணுவத் தோட்டாக்களிலோ, கழுத்தைக் காய்ச்சியதற்கு அடையாளமாக அக்கறையை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.