செண்டுமல்லி

செண்டுமல்லி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுப் பூச்செடி. தாவரவியல் பெயர் டாஜெட்டஸ் எரெக்டா. தென் மாவட்டங்களில் கேந்தி என்றும், வேறு சில இடங்களில் துலுக்கச் சாமந்தி என்றும் வழங்குகிறது. செவ்வந்தி எனப்படும் சாமந்தி வேறு செடி. ஆயுதபூஜையன்று லாரியின் முகப்பிலும் பட்டறை எந்திரத்திலும் வீட்டு நிலைவாசலிலும் தொங்கும் இந்த மஞ்சள், ஆரஞ்சு மாலைகளைப் பார்த்தால் சங்ககாலம் தொட்டு இங்கே இருக்கும் பூ என்றுதான் தோன்றும். ஆனால், குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் இது இல்லை, இருந்திருக்கவும் முடியாது. இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்களின் கொத்து. காய்ந்த செண்டுமல்லியில் ஓர் இதழைப் பிடித்து இழுத்தால், அதன் அடியில் ஊசிபோல் மெலிந்த கறுப்பு விதையும் சேர்ந்து வரும். அந்த ஒவ்வோர் இதழும் தனிப் பூ. இவை அனைத்தையும் அடியில் ஒரு பச்சைக் கிண்ணம் இறுகப் பிடித்திருக்கிறது. இலையைக் கசக்கினால் காரமான நெடி மூக்கில் ஏறும். இந்தக் கிண்ணமும் இந்த நெடியுமே இச்செடியின் வரலாற்றைப் பெரும்பாலும் நடத்தியிருக்கின்றன.

மெக்சிகோவின் நாவாட்டில் மொழி பேசிய மக்கள் இதைத் தெய்வச் சடங்குகளுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தினர். 1552-இல் மார்ட்டின் டி லா குரூஸ் என்ற பூர்வகுடி வைத்தியர் எழுதி, ஹுவான் படியானோ லத்தீனில் பெயர்த்த மூலிகை நூல், விக்கலுக்கும் இடி தாக்கியவருக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆற்றைப் பத்திரமாகக் கடக்க விரும்புபவருக்கும் இதுவே மருந்து! ஸ்பானியர் ஆட்சியில் பழைய கோயில்கள் இடிக்கப்பட்டன, விழாக்கள் தடுக்கப்பட்டன. பூ மட்டும் கத்தோலிக்கரின் இறந்தோர் நினைவு நாளுக்குள் புகுந்து நிலைத்துவிட்டது.

இன்று நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மெக்சிகோ வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். படம், மெழுகுவத்தி, ரொட்டி, அவர்கள் விரும்பிச் சாப்பிட்ட உணவு எல்லாம் இருக்கும். கூடவே செம்பசூச்சில் என்று அவர்கள் அழைக்கும் செண்டுமல்லி கட்டாயம் இருக்கும். இதழ்களை உதிர்த்துத் தெருவாசலிலிருந்து படையல் வரைக்கும் பாதையாகத் தூவுவார்கள். இறந்தவர்கள் அந்த நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள் என்பது நம்பிக்கை. நம் வீடுகளில் மாளய அமாவாசைக்குப் படைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த விழாவை யுனெஸ்கோ 2008-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பூவும் விழாவும் இப்படிப் பொருந்தியதில் செடியின் இயல்புக்கும் பங்குண்டு. பகல் குறுகக் குறுகச் செண்டுமல்லி விரைந்து மொட்டுவிடும். மெக்சிகோ நகரையொட்டிய சோச்சிமில்கோவில் ஜூலை வாக்கில் விதைத்தால் அக்டோபர் கடைசியில் தொட்டி தொட்டியாகப் பூத்து விற்பனைக்கு வந்துவிடும். செண்டுமல்லி வயல்களுக்குப் பெயர்பெற்றது பூயப்லா மாநிலம்.

ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பா சென்ற இந்தச் செடி வட ஆப்பிரிக்காவிலும் பரவியது. 1535-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை டூனிஸைப் பிடித்தபோது அங்கே இது மண்டிக் கிடந்ததைக் கண்டு ஆப்பிரிக்கப் பூ என்றே எண்ணிவிட்டார்கள் என்பர். இதன் ஆங்கிலப் பெயரில் ‘ஆப்பிரிக்க’ என்ற அடை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் தாவரவியல் பெயரைச் சூட்டினார்.

இந்தியாவுக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. மிளகாயும் முந்திரியும் வந்த அதே கடல்வழி. மெக்சிகோவின் சடங்கு எதுவும் கூடவே வரவில்லை. பூ மட்டும்தான் வந்தது. அதற்கு நம் மக்கள் தாங்களே விழாக்களைக் கொடுத்தார்கள். காரணம் அந்தப் பச்சைக் கிண்ணம்தான். ஊசி நடுவே ஏறினாலும் பூ சிதறாது, இதழ் கொட்டாது, மாலை சீக்கிரம் வாடாது. கூடை கூடையாகக் காய்ப்பதுபோல் பூக்கும், விலையும் எட்டும். நெடியின் காரணமாகப் பெண்கள் இதைத் தலையில் வைப்பதில்லை. மல்லிகையின் இடத்தை இது கேட்கவும் இல்லை. தோரணத்துக்கும் வாகன மாலைக்கும் இதை மிஞ்சிய பூ கிடையாது என்பேன். நேபாளத்தில் திகார் பண்டிகையின்போது உடன்பிறந்த ஆண்களுக்கு மட்டுமல்ல, நாய்களுக்கும் இந்த மாலையைச் சூட்டி மரியாதை செய்கிறார்கள். கேரளத்து ஓணக் கோலங்களுக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து கேந்தி மூட்டை மூட்டையாகப் போகிறது.

அமெரிக்கத் தோட்டக்காரர்களுக்கு நிறம் வேண்டியிருந்தது, நெடி வேண்டியிருக்கவில்லை. 1930-களில் டேவிட் பர்ப்பி என்ற விதை வணிகர் இலையில் நெடியில்லாத வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1954-இல் தூய வெள்ளைச் செண்டுமல்லிக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தார். 1975-இல் அயோவாவைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க் அதைப் பெற்றார். இதையே அமெரிக்க தேசிய மலராக்கவும் பர்ப்பி பல ஆண்டு முயன்றார். 1986-இல் அந்த இடம் ரோஜாவுக்குப் போனது. இறந்தவருக்கே வழிகாட்டும் என்று ஒரு நாட்டார் போற்றிய வாசனையை இன்னொரு நாட்டார் குறையென்று நீக்கியது எனக்கு இழப்பாகவே படுகிறது.

இந்தச் செடிக்கு மற்றப் பயிர்களின் வயலிலும் வேலை இருக்கிறது. வேரில் உள்ள வேதிப்பொருள் மண்ணின் நூற்புழுக்களை ஒடுக்கும். தக்காளிக்கு 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவை நாடி அங்கே முட்டையிடும், தக்காளி தப்பும். இதழில் நிறைந்திருக்கும் லூட்டீன் என்ற நிறமியைப் பிரித்துக் கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கரு அடர்ந்த நிறம் பெறுவதில் அதற்குப் பங்கு உண்டு. கண் நலத்துக்கான மாத்திரைகளிலும் அது சேர்கிறது. சத்தியமங்கலம், தாளவாடி வட்டாரங்களில் ஆலைகளுக்கென்றே ஒப்பந்த முறையில் இதைப் பயிரிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே எந்த மாதமும் செண்டுமல்லி பூக்கும். பருவத்தை முடிவு செய்வது சந்தைதான். ஆயுதபூஜைக்கு முந்தைய இரண்டு நாள் விலை ஏறும். பண்டிகை கழிந்ததும் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் பூவைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் உழவர்கள் உண்டு.

இப்போது வயல்களில் வீரிய ஒட்டு வகைகளே பெருகிவிட்டன. அவற்றுக்கு விதையை ஒவ்வொரு முறையும் விலைக்கு வாங்க வேண்டும். நெடி மிகுந்த நாட்டுச் செடி உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால், ஒரு பூவைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுத்து வையுங்கள். ஆடியில் தூவினால் ஆயுதபூஜைக்குப் பூக்கும்.