'காலியிடம்' என்றொரு சொல்லாடல்: க்ரூஸ் குறித்துச் சில குறிப்புகள்

பிரான்சின் நடுப்பகுதியில் க்ரூஸ் என்றொரு 'தெபார்த்மான்' இருக்கிறது. நம் வழக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். 5,565 சதுர கிலோமீட்டர் பரப்பில் இன்று சுமார் 1,15,000 பேர் வாழ்கிறார்கள். ஜன அடர்த்தி குறைந்த இத்தகைய மாவட்டங்களை ஒரு கோடாக இணைத்து 'வெறுமையின் மூலைவிட்டம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள் பிரெஞ்சுப் புவியியலாளர்கள். அங்கே ஓடும் ஆற்றின் பெயர்தான் க்ரூஸ். அதே சொல்லுக்குப் பிரெஞ்சில் 'உள்ளீடற்றது' என்றும் பொருள். பேரிலேயே காலி! ஆனால் ஓர் ஊர் சும்மா காலியாவதில்லை. யாரோ அதைக் காலி செய்கிறார்கள்.

1790இல் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்து, நாட்டை 83 தெபார்த்மான்களாகப் பிரித்தது. நிலப்பிரபுக்களின் நினைவு ஒட்டக்கூடாது என்றுதான் பலவற்றுக்கு ஆறு, மலைகளின் பெயர்களைச் சூட்டினார்கள். எல்லா ஊரும் சட்டத்தின் முன் சமம். இதை மேடைகளில் கொண்டாடிப் பேசியவர்களில் நானும் ஒருவன். இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் சமமாக வெட்டப்பட்ட துண்டுகள் எளிதாக எண்ணவும் நகர்த்தவும் கூடியவை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

1851இல் இங்கே ஏறத்தாழ 2,87,000 பேர் இருந்தார்கள். கருங்கல் பூமி, விளைச்சல் போதாது. வசந்தம் வந்தால் ஆண்கள் ஆயிரக்கணக்கில் பாரீசுக்குக் கொத்துவேலைக்கு நடப்பார்கள், குளிர்காலத்தில் திரும்புவார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டது பெண்கள். பாரீசைக் கட்டியவர்கள் கணக்கில் அந்த உழைப்பு வருவதே இல்லை. அப்படி 1830இல் அப்பாவோடு நடந்து போன 14 வயதுப் பையன் மார்த்தேன் நதோ 1849இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1851 இராணுவச் சதிக்குப் பிறகு இங்கிலாந்தில் நாடுகடத்தப்பட்ட வாழ்வு. 1870இல் திரும்பி வந்து க்ரூசுக்கே ப்ரிஃபெக்ட், அதாவது ஆட்சியர்! அவரது நினைவுக் குறிப்புகள் 1895இல் அதே மாவட்டத்துச் சிற்றூரான பூர்கனூஃபில் அச்சாயின. அதே ஆண்டில்தான் பக்கத்து லிமோழ் நகரில் சி.ஜி.டி. தொழிற்சங்கம் பிறந்தது.

நாளடைவில் போனவர்கள் குடும்பத்தோடு நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த இளைஞர்களை 1914-18 போர் தின்றது. ழான்த்தியூ கிராமத்தில் 1922இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னத்தில் வீரன் சிலை இல்லை. அநாதைச் சிறுவன் ஒருவன் முஷ்டியை நீட்டி நிற்கிறான். அவன் காட்டும் வாசகம் போரைச் சபிக்கிறது.

இனி இன்னொரு சிறுவர் கூட்டம். இந்துமாக்கடலில் உள்ள ரியூனியன் தீவு 1946 மார்ச் 19ஆம் நாள் சட்டப்படி காலனி அந்தஸ்து நீங்கித் தெபார்த்மான் ஆனது. கேட்டவர்கள் இடதுசாரிகள், நாடாளுமன்றத்தில் அதை முன்வைத்தவர் கவிஞர் எமே செசேர். சமத்துவக் கோரிக்கைதான். ஆனால் 1960களில் அரசு அதே வரைபடத்தை வேறு மாதிரி வாசித்தது. அங்கே ஜனம் அதிகம், இங்கே குறைவு; சமன் செய்துவிட்டால் போச்சு! தீவின் நாடாளுமன்ற உறுப்பினர் மிஷேல் தெப்ரே முன்னின்று நடத்திய இத்திட்டத்தில், அரசுப் பாதுகாப்பிலிருந்த குழந்தைகளை விமானமேற்றினார்கள். 1962 முதல் 1984 வரை 2,015 பேர் என்று 2018இல் அரசு நியமித்த நிபுணர் குழு கணக்கிட்டது. இருநூறுக்கு மேற்பட்டோர் க்ரூசுக்கு வந்தார்கள். பெற்றோர் உயிரோடிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. பண்ணைகளில் கூலியில்லாமல் உழைத்தவர்கள் உண்டு. அன்பான வீடு கிடைத்தவர்களும் உண்டுதான். 2014 பிப்ரவரி 18இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது.

இதை வெறும் காலனியக் கொடுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. காலனியாக இருந்திருந்தால் இது 'கடத்தல்' என்று தெரிந்திருக்கும். இரண்டும் தெபார்த்மான் என்பதால் 'உள்நாட்டு இடமாற்றம்' ஆகிவிட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களின் வரலாறு தெரிந்த நமக்கு, ஆட்களைப் பற்றாக்குறைக்கு ஏற்ப நகர்த்தும் இந்தக் கணக்கு புதிதல்ல.

சமத்துவத்தைக் கேட்கத்தான் வேண்டும். அதை வரைபடத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். 'அந்த இடம் காலி' என்று எந்த அதிகாரி சொன்னாலும், காலி செய்தது யார், நிரப்பப்படப் போவது யார் என்று கேட்டுவைப்போம்.