ஏப்ரல் மீனும் மே மீனும்: விஸ்கான்சின் ஏரிகளில் நடந்த ஒரு சண்டை

பல வருடங்களுக்கு முன் ஒரு ப்ராஜெக்டுக்காக விஸ்கான்சினில் எட்டு மாதம் இருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு, "ஓப்பனர்". பேஸ்பால் சமாச்சாரம் போல என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது மீன்பிடி சீசன் திறக்கும் நாள். மே மாதம் முதல் சனிக்கிழமை. பாதி டீம் வெள்ளிக்கிழமை மதியமே காணாமல் போய்விடும்.

"ஐஸ் எல்லாம் எப்பவோ உருகிடுச்சே, ஏப்ரல்லயே போனா என்ன?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஏரிக்கரையில் வளர்ந்தவர். "அது மீன் முட்டை போடுற நேரம். யாரும் பிடிக்கக் கூடாது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அவங்களைத் தவிர" என்றார்.

அந்த "அவங்க" யார் என்று தேடப் போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. தேட ஆரம்பித்தபோது நானும் அந்தப் பெரியவர் பக்கம்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினை மீனைப் பிடிப்பது தப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்று மீன், மூன்று நாட்காட்டி

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் பெயர் சொல்லித் தேடும் மீன்களில் மூன்று முக்கியமானவை: பைக், வால்ஐ, பாஸ். (பைக் என்றால் நம்ம இரண்டு சக்கர பைக் இல்லை. வாத்து அலகு மாதிரி தட்டையான வாயும் அது நிறைய பல்லும் உள்ள நீளமான மீன்.) மூன்றும் ஒரே ஏரியில் இருக்கும். ஆனால் மூன்றுக்கும் தண்ணீரின் வெப்பநிலைதான் கடிகாரம், மூன்று கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டும்.

முதலில் பைக். ஐஸ் விலகும்போதே, சில சமயம் கரையோரம் மட்டும் உருகியிருக்கும்போதே, புல் மூழ்கிக் கிடக்கும் சதுப்பு ஓரங்களுக்கு வந்து முட்டை போடும். அடுத்தது வால்ஐ. தண்ணீர் சுமார் 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரும்போது, கூழாங்கல் நிறைந்த, அலையடிக்கும் கரைக்கு ராத்திரியில் கூட்டமாக வரும். இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. முட்டை போட்டதும் போய்விடும், காவல் எல்லாம் கிடையாது. கடைசியாக பாஸ். அதற்கு 15 டிகிரிக்கு மேல் வேண்டும், அதாவது மே கடைசி அல்லது ஜூன். இதில் ஆண் மீன் தரையில் குழி பறித்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் தூக்கிவிட்டால், சின்ன மீன்கள் வந்து கூட்டையே காலி செய்துவிடும். அதனால்தான் விஸ்கான்சினின் வடக்குப் பகுதியில் ரொம்ப காலமாக, ஜூன் நடுப்பகுதி வரை பாஸ் மாட்டினாலும் திருப்பி விட வேண்டும் என்று விதி இருந்தது.

கோடையில் பாஸ் நீர்ச்செடிகளுக்குள் ஒதுங்கும், பெரிய பைக் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கும், வால்ஐ அந்தி நேரத்தில்தான் சுறுசுறுப்பாகும். இலையுதிர்காலத்தில் மூன்றும் குளிருக்கு முன் வயிறு நிறையத் தின்னும். ஏரி உறைந்த பிறகு பாஸ் மந்தமாகிவிடும். பைக்கும் வால்ஐயும் ஐஸில் துளை போட்டு விடும் தூண்டிலிலும் மாட்டும்.

வால்ஐயின் கண்ணில் ஒரு விசேஷம் உண்டு. பூனைக் கண் போல உள்ளே ஒளியைத் திருப்பியடிக்கும் படலம். அதனால் இருட்டில் நன்றாகப் பார்க்கும். அதே படலத்தால் வெளிச்சம் பட்டால் கண் நெருப்புத் துண்டு போல மின்னும், எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். நம் கதை இந்த மின்னலில்தான் ஆரம்பிக்கிறது.

தீப்பந்த ஏரி

விஸ்கான்சினின் வடக்கே லாக் டு ஃப்ளாம்போ என்று ஓர் ஊர். பிரெஞ்சில் "தீப்பந்த ஏரி". அங்கே வாழும் ஒஜிப்வே மக்கள் ராத்திரியில் தோணியில் தீப்பந்தம் ஏற்றி, மின்னும் கண்ணைப் பார்த்து ஈட்டியால் மீன் குத்துவதைக் கண்ட பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த பெயர். ஒஜிப்வே மொழியில் அந்த இடத்தின் பெயரான வாஸ்வாகனிங் என்பதற்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

ஒஜிப்வே மக்களின் வருடத்தைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசி அறுவடை. குளிர்காலத்தில் வேட்டை. மார்ச், ஏப்ரலில் மேப்பிள் மரத்தின் சாறு எடுத்துக் காய்ச்சி சர்க்கரை. ஏப்ரல் மாதத்துக்கே "சாறு காய்ச்சும் நிலவு" என்றுதான் பெயர். அப்போது சேமிப்பெல்லாம் தீர்ந்து, வருடத்திலேயே வயிறு அதிகம் காய்கிற நேரம். சரியாக அந்த நேரத்தில் கரைக்கே கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும் மீன் வால்ஐ. அவர்களுக்கு ஏப்ரல் சீசனுக்கு முந்தைய மாதம் இல்லை. ஏப்ரல்தான் சீசன்.

விற்றது என்ன, விற்காதது என்ன

1837இல் அமெரிக்க அரசுக்கு வெள்ளை பைன் மரம் வேண்டியிருந்தது. 1842இல் செம்பு வேண்டியிருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளிலும் போட்ட ஒப்பந்தங்களில் ஒஜிப்வே குழுக்கள் இன்றைய விஸ்கான்சினின் வடக்கு மூன்றில் ஒரு பங்கு உட்பட பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தன. ஆனால் அந்த நிலத்திலும் நீரிலும் வேட்டையாட, மீன் பிடிக்க, காட்டரிசி சேகரிக்க உள்ள உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. 1837 ஒப்பந்தத்தில் அது எழுத்திலேயே இருக்கிறது. வீட்டை விற்கும்போது "கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியதை எங்களுக்கு உண்டு" என்று பத்திரத்தில் எழுதி வைப்போமே, அது மாதிரி.

1850இல் ஜனாதிபதி சாக்கரி டெய்லர் இந்த உரிமைகளை ரத்து செய்து, அவர்களை மேற்கே அனுப்ப உத்தரவிட்டார். வருடாந்திரப் பணத்தையும் உணவையும் வழக்கமான லா பாயிண்டில் கொடுக்காமல், மினசோட்டாவில் சாண்டி லேக் என்ற இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது தாமதமும் கெட்டுப்போன உணவும். அங்கேயும் திரும்பும் வழியிலுமாக சுமார் 400 பேர் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்கள். 1852இல் தொண்ணூறு வயதைத் தாண்டிய தலைவர் கெச்சேவாய்ஷ்கே வாஷிங்டன் வரை பயணம் செய்து ஜனாதிபதி ஃபில்மோரைச் சந்தித்தார். வெளியேற்றம் கைவிடப்பட்டது. 1854 ஒப்பந்தத்தில் நிலையான குடியிருப்புப் பகுதிகள் கிடைத்தன.

ஆனால் காகிதத்தில் இருந்த மீன் உரிமை நடைமுறையில் மறைந்தது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1908இல் ஒரு வழக்கில், விஸ்கான்சின் மாநிலமானதுமே அந்த உரிமை போய்விட்டது என்று சொல்லிவிட்டது. தாத்தா செய்த அதே வேலையைப் பேரன் செய்தால் திருட்டு மீன்பிடி, அபராதம், சில சமயம் ஜெயில்.

1974 மார்ச்சில் லாக் கூர்ட் ஓரேய் குழுவைச் சேர்ந்த ஃப்ரெட், மைக் ட்ரிபிள் என்ற சகோதரர்கள், தெரிந்தே குடியிருப்புப் பகுதியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, உறைந்த ஏரியில் துளை போட்டு ஈட்டியோடு உட்கார்ந்தார்கள். கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த வழக்கில் 1983 ஜனவரியில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: 1850 உத்தரவு செல்லாது, ஒப்பந்த உரிமைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மாநில இயற்கை வளத்துறையின் தலைவராக இருந்த ஒருவர் பெயரால் இதை வாய்ட் தீர்ப்பு என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே இல்லை.

படகுத்துறை ராத்திரிகள்

1985லிருந்து ஏப்ரல் ராத்திரிகளில் ஒஜிப்வே படகுகள் குடியிருப்புக்கு வெளியே உள்ள ஏரிகளில் இறங்கின. இப்போது தீப்பந்தம் இல்லை, பேட்டரியில் எரியும் தலைவிளக்கு. தோணிக்குப் பதில் அலுமினியப் படகு. ஈட்டி அதே ஈட்டி.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 1987இலிருந்து 1991 வரை ஒவ்வொரு வசந்தத்திலும் படகுத்துறைகளில் நூற்றுக்கணக்கில், சில இரவுகளில் ஆயிரத்தையும் தாண்டிக் கூட்டம் கூடியது. கல் பறந்தது. ஈட்டிப் படகுகளைக் கவிழ்க்கப் பக்கத்தில் மோட்டார் படகு ஓட்டி அலை எழுப்பினார்கள். இனத்தைச் சொல்லி வசவுகள், பெண்களைக் குறிவைத்து மிரட்டல்கள். அவற்றை இங்கே எழுதக் கை வரவில்லை. போராட்டத்துக்கு நிதி சேர்க்க "ட்ரீட்டி பீர்" என்று ஒரு பீர்கூட விற்றார்கள்.

அவர்கள் சொன்ன வாதம் மட்டும் எளிமையானது. "முட்டை போட வந்த மீனைக் கொல்கிறார்கள், ஏரி காலியாகிவிடும், டூரிஸ்ட் வரமாட்டான், நம் பிழைப்பு போகும்." என் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதும் இதுதான். நான் நம்பியதும் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

இங்கேதான் எனக்குள் இருந்த இன்ஜினியர் கொஞ்சம் முழித்துக்கொண்டான்.

முதல் விஷயம். ஏப்ரலில் செத்த பெண் மீன் இந்த வருடம் முட்டை போடாது, சரி. போன ஆகஸ்டில் தூண்டிலில் மாட்டி வறுவலான பெண் மீன்? அதுவும்தான் இந்த வருடம் முட்டை போடாது. எந்த மாதம் செத்தாலும் அடுத்த ஏப்ரலுக்கு அது இல்லை. பாஸ் போலக் கூட்டைக் காக்கும் மீனாக இருந்தால் மாதம் முக்கியம். வால்ஐ காவல் காப்பதில்லை. அதற்கு எந்த மாதம் என்பதைவிட மொத்தம் எத்தனை என்பதுதான் கேள்வி. போதாக்குறைக்கு, கரையோரம் அதிக நாள் சுற்றிக்கொண்டு நிற்பது ஆண் மீன்கள்தான். ஈட்டியில் விழுவதில் பெரும்பாலானவை அவைதான்.

இரண்டாவது விஷயம், எண்ணும் முறை. தூண்டில்காரருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்று வரம்பு. ஆனால் எத்தனை பேர், எத்தனை நாள் வரலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. ஈட்டிக்கு அப்படியில்லை. ஒவ்வொரு ஏரிக்கும் மொத்த எண்ணிக்கை முன்கூட்டியே நிர்ணயம். வளர்ந்த வால்ஐயில் 35 சதவீதத்துக்கு மேல் எல்லோருமாகச் சேர்ந்து பிடித்துவிடும் வாய்ப்பு 40இல் 1ஐத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அதற்குள் ஒரு பங்குதான் ஈட்டிக்கு. ஒவ்வோர் இரவுக்கும் தனி பெர்மிட். கரையில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எண்ணுவார். எண்ணிக்கை தீர்ந்தால் அந்த ஏரி மூடல். நம்ம பாஷையில் சொன்னால், ஒன்று ரேட் லிமிட், இன்னொன்று ஹார்டு கோட்டா. எதில் கசிவு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1991இல் ஃபெடரல் அரசு, மாநிலம், பழங்குடிக் குழுக்கள் மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டு ஆய்வறிக்கை வெளியிட்டன. ஈட்டியால் ஏரிகளுக்குக் கேடு வரவில்லை, பெரும் பங்கைப் பிடிப்பது தூண்டில்காரர்களே என்பதுதான் சாராம்சம். அதே ஆண்டு நீதிபதி பார்பரா கிராப், எதிர்ப்பில் இனவெறி ஒரு காரணம் என்று கண்டு, ஈட்டி மீன்பிடிப்பைத் தடுக்கக் கூடாதென்று உத்தரவிட்டார். அந்த வருடம் வழக்கின் முடிவை மாநிலமும் மேல்முறையீடு செய்யவில்லை, ஒஜிப்வே குழுக்களும் செய்யவில்லை. படகுத்துறைக் கூட்டம் கரைந்தது. பக்கத்து மினசோட்டாவின் மில் லாக்ஸ் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றமும் 5க்கு 4 என்று ஒப்பந்தத்தின் பக்கமே நின்றது.

இதற்கு நடுவே 1989இல், உரிமையைப் பயன்படுத்தாமல் இருந்தால் சுமார் 5 கோடி டாலர் என்று மாநிலம் முன்வைத்த ஏற்பாட்டை லாக் டு ஃப்ளாம்போ மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். பணக்காரர்கள் இல்லை அவர்கள். சாண்டி லேக்கில் செத்தவர்களின் வாரிசுகளுக்கு "பணம் தருகிறோம், உரிமையை விடு" என்ற வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது

கதை இங்கே சுபம் போட்டு முடியவில்லை. வடக்கு விஸ்கான்சினின் பல ஏரிகளில் வால்ஐ குஞ்சுகள் பிழைத்து வளர்வது குறைந்துகொண்டே வருகிறது, பெரியவாய் பாஸ் பெருகுகிறது. ஏரிகள் சூடாவதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஐஸ் எப்போது உருகும் என்பதே வருடத்துக்கு வருடம் தாறுமாறாக மாறுகிறது. மே முதல் சனிக்கிழமையை நம்பினவர்களுக்கும் சரி, சாறு காய்ச்சும் நிலவை நம்பினவர்களுக்கும் சரி, கடிகாரம் பொதுவாகக் கெட்டுப்போயிருக்கிறது. லாக் டு ஃப்ளாம்போ குழுவினர் சொந்தக் குஞ்சுப் பண்ணை வைத்து ஏரிகளில் வால்ஐ விடுகிறார்கள். அந்த மீன் வளர்ந்தபின் ஈட்டியில்தான் விழும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பாதி தூண்டில்காரருக்குத்தான் போகும்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது என் ப்ராஜெக்ட் முடிந்து நான் ஊர் திரும்பியாகிவிட்டது. அந்தப் பெரியவருக்கு ஒரு மெயில் எழுதினேன், 35 சதவீதக் கணக்கையெல்லாம் போட்டு. இரண்டு வாரம் கழித்து பதில் வந்தது. "கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா 1989இல் எனக்கு இருபத்தஞ்சு வயசு. நானும் ஒரு ராத்திரி அந்தப் படகுத்துறையில நின்னேன். அதைப் பத்தி எங்க வீட்ல நாங்க பேசுறதில்ல."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் மட்டும் ஒரு ஃபோட்டோ அனுப்பினார். கையில் ஒரு வால்ஐ, ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் மின்னிக்கொண்டிருந்தது.