முகமும் தோளும்: யோஜி ஷின்காவாவின் கலை இயக்கம்

1990-இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘மெட்டல் கியர் 2: சாலிட் ஸ்நேக்’ ஆட்டத்தில், வானொலித் தொடர்பின்போது திரையில் தோன்றும் முகங்கள் பல ஹாலிவுட் நடிகர்களின் சாயலில் வரையப்பட்டவை. 2005-இல் ‘மெட்டல் கியர் சாலிட் 3: சப்சிஸ்டன்ஸ்’ தொகுப்பில் அதே ஆட்டம் மறுபடி வந்தபோது அந்த முகங்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில், பிற்காலத்தில் யோஜி ஷின்காவா வகுத்த தோற்றத்தை ஒட்டிய முகங்கள் இருந்தன. தான் பணிக்குச் சேருமுன் வெளியான ஆட்டத்துக்குள்ளும் ஓர் ஓவியரின் கை பின்னோக்கிச் சென்று நுழைந்திருந்தது. ஆனால் 2019-இல் அவரே கலை இயக்குநராக இருந்த ‘டெத் ஸ்ட்ராண்டிங்’கில் நடிகர்களின் முகங்கள் திரும்பி வந்தன. இம்முறை சாயலாக அல்ல, ஸ்கேன் செய்யப்பட்ட அசல் முகங்களாகவே வந்தன.

இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: கருவிகள் வளர்ந்தன, மெய்ம்மை கூடியது, வரைபவரின் பங்கு சுருங்கியது. இந்த விளக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஷின்காவாவின் படைப்புரிமை சுருங்கவில்லை, இடம்பெயர்ந்தது. முகத்தை விட்டு உடலின் உருவரைக்கு, குறிப்பாகத் தோளுக்கும் சுமைக்கும் உடைக்கும், அது நகர்ந்தது. அந்த நகர்வுக்கான பயிற்சியை அவருக்குக் கொடுத்ததும் முகத்தைக் காட்ட இயலாத ஒரு பழைய இயந்திரம்தான்.

தமிழில் ‘கலை இயக்குநர்’ என்றதும் சினிமா அரங்க அமைப்பாளரே நினைவுக்கு வருவார். வீடியோ கேமில் அந்தப் பொறுப்பின் எல்லை வேறு. சினிமாவில் கேமராவின் முன் மலை இருக்கிறது, வெயில் இருக்கிறது, நடிகர் இருக்கிறார். ஆட்டத்தில் எதுவுமே முன்னதாக இல்லை. கதவின் கைப்பிடி முதல் காலணியின் வார் வரை யாரோ ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். அந்த எண்ணற்ற முடிவுகள் ஒரே உலகைச் சேர்ந்தவையாகத் தோன்றச் செய்வதே அங்கே கலை இயக்கம்.

1971-இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஷின்காவா, கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் பயின்று 1994-இல் கொனாமியில் சேர்ந்தார். ‘பாலிஸ்நாட்ஸ்’ ஆட்டத்தில் சிறு பணிகளுக்குப் பின், ஹிதேயோ கோஜிமா இயக்கிய ‘மெட்டல் கியர் சாலிட்’ (1998) அவரிடம் வந்தது. அது ஓடவேண்டிய பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படத்துக்கான நினைவகம் 1 மெகாபைட். ஓர் உருவத்துக்குச் சில நூறு பலகோணங்களுக்கு மேல் ஒதுக்க வழியில்லை. எனவே நாயகன் ஸ்நேக்கின் முகத்தில் கண்கள் இல்லை. கண்குழி இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய நிழலே இருக்கிறது. பேசும்போது வாய் அசையாது, தலை மட்டும் மேலும் கீழும் ஆடும்.

முந்தைய ஆண்டு வெளியான ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ தன் உச்சத் தருணங்களுக்கு முன்கூட்டியே தயாரித்த திரைப்படத் துண்டுகளை நாடியது. ‘மெட்டல் கியர் சாலிட்’ தன் கதைக்காட்சிகளைப் பெரும்பாலும் ஆட்டத்தில் இயங்கும் அதே எளிய உருவங்களைக் கொண்டே நடத்தியது. கண்ணில்லாத உருவங்கள் துயரத்தையும் துரோகத்தையும் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. முகம் செய்யவேண்டியதை நிற்கும் நிலையும் தோளின் சரிவும் கோட்டின் விளிம்பும் செய்தன.

இங்கேதான் ஷின்காவாவின் தூரிகைக்கோடு முக்கியமாகிறது. மேலட்டைகளிலும் கலைநூல்களிலும் பார்த்துப் பழகியவர்கள் அதை ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் அலங்காரமாகவே கருதுகிறார்கள். தடித்துத் தொடங்கி இடையில் அறுந்துபோகும் கோடு, ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் வரையப்படாத வெறும் தாள். இதற்கும் திரையில் நடமாடும் உருவத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு பணிமுறையில் இருக்கிறது. முப்பரிமாண உருவங்களை அமைத்த கலைஞர்களுக்கு ஷின்காவா தந்தவை இரண்டு: தூரிகை ஓவியங்களும் களிமண் உருவங்களும். பருமனையும் அளவையும் களிமண் சொன்னது. எதை விட்டுவிடலாம் என்பதை ஓவியம் சொன்னது. இரண்டாவது உதவி அந்த இயந்திரத்தில் விலைமதிப்பற்றது. கண்ணை நிழலில் விட்டாலும் அந்த ஆள் அவனாகவே இருப்பான் என்று கோடு முன்பே நிரூபித்திருந்தது. குறையை மறைக்க அவர் வழி தேடவில்லை. குறைவாக வரைவது அவருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது.

இதைக் கீழை நாட்டு மை ஓவிய மரபின் தொடர்ச்சி என்று கூறிவிடுவது மேற்கத்திய விமர்சகர்களிடம் உள்ள பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கையாள்வது கடையில் கிடைக்கும் பென்டெல் தூரிகைப் பேனா. தம்மைப் பாதித்தவர்களாக அவர் குறிப்பிடுவோரில் யோஷிடாகா அமானோவுடன் ஆப்ரி பியர்ட்ஸ்லியும் ஃபிராங்க் மில்லரும் இருக்கிறார்கள். ஸ்நேக்கின் உடற்கட்டுக்கு ஜீன்-கிளாட் வான் டாமும் முகத்துக்கு கிறிஸ்டோஃபர் வாக்கனும் முன்மாதிரிகள். லண்டன் அச்சுப் படமும் அமெரிக்கச் சித்திரக்கதையும் அதிரடி சினிமாவும் சேர்ந்த இந்தக் கலவையை ‘ஜப்பானிய மரபு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது, உழைத்துத் தேர்ந்த ஒரு மனிதரின் தேர்வுகளைப் பிறப்பின் கணக்கில் எழுதிவிடுவதாகும்.

உருவரை கதையைச் சுமக்கும் என்பதற்குச் சிறந்த சான்று அதே ஆட்டத்தின் இயந்திரமான ‘ரெக்ஸ்’. இருகாலில் நிற்கும் அந்தப் போர்க்கருவி வேண்டுமென்றே சமச்சீர் குலைத்து வரையப்பட்டது. ஒரு பக்கம் நீண்ட ரயில்கன், மறுபக்கம் தோளில் தட்டுபோல் துருத்தும் ரேடோம் என்ற ரேடார் கூடு. முதல் பார்வையில் அது வெறும் வடிவ மிடுக்கு. ஆனால் மூடிய அறைக்குள் இருந்து ரெக்ஸை ஓட்டுபவன் வெளியுலகைக் காண்பது உணர்கருவிகள் வழியாகத்தான். ஸ்நேக்குக்கு உதவ வரும் கிரே ஃபாக்ஸ் அந்த ரேடோமைச் சிதைத்ததும், ரெக்ஸை ஓட்டும் எதிரி லிக்விட் குருடனாகிறான். அறையைத் திறந்து வெறுங்கண்ணால் பார்க்க வேண்டிய நிலை வருகிறது. அந்தத் திறப்பின் வழியாகவே ஆட்டக்காரர் அவனைத் தாக்குகிறார். கூடுதலாகத் தெரிந்த அந்தத் தோள் இல்லையென்றால் இந்த உச்சக்காட்சி இப்படி நடந்திருக்க முடியாது. வரைபலகை முடிவும் கதை முடிவும் இங்கே ஒன்றே. தொடரின் அடுத்த ஆட்டத்தில் வரும் ‘ரே’ என்ற இயந்திரம் கடலுக்கானது, வளைவுகளால் ஆனது. கோணங்களால் ஆன ரெக்ஸுக்கு அதன் வடிவமே எதிர்வாதம். 2008-இல் இரண்டும் நேருக்கு நேர் மோதின.

அதே 2008-இன் ‘மெட்டல் கியர் சாலிட் 4’ என் வாதத்தின் மையம். அதில் வரும் நான்கு எதிரிகளுக்கும் இரட்டை உருவம் உண்டு. முதலில் ஆக்டோபஸ், காக்கை, ஓநாய், மாண்டிஸ் பூச்சி ஆகியவற்றின் வடிவில் கவசம். கவசம் கழன்றபின் உள்ளே ஒரு பெண். அந்தப் பெண்களின் முகங்கள் உயிருள்ள மாடல்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. கவசங்கள் ஷின்காவாவின் கற்பனை. முகம் ஒளிப்படத்துக்கு, புறஉரு ஓவியருக்கு என்ற பாகப்பிரிவினை இங்கே நடந்துவிட்டது. நினைவில் நிற்பவை எவை என்று பாருங்கள். அந்த முகங்கள் அழகானவை, ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத் தக்கவை. கவசங்களை அப்படி மாற்ற முடியாது.

‘டெத் ஸ்ட்ராண்டிங்’ இந்தப் பிரிவினையை முழுமையாக்கியது. நாயகன் சாமின் முகம் நார்மன் ரீடஸுடையது. எதிரே வருபவர்கள் மேட்ஸ் மிக்கெல்சன், லெயா செடூ. ஆயினும் சாமை மலைச்சரிவில் தொலைவிலிருந்து பார்த்தால் நாம் அறிவது முகத்தை அல்ல, முதுகில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் பெட்டிகளை. எதை, எங்கே, எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவது என்பதை முடிவுசெய்பவர் ஆட்டக்காரர். ஒவ்வொரு பயணத்திலும் அந்த உருவரை மாறுகிறது, அதற்கேற்பச் சாம் தள்ளாடுகிறான். தாளில் பாதிக்கோட்டை வெறுமையாக விட்ட கலைஞர், இங்கே நாயகனின் உருவத்தையே ஆட்டக்காரர் முடிக்கும்படி விட்டுவைத்திருக்கிறார்.

தோளும் திரும்பி வருகிறது. காஃப்காவின் சிறுகதையிலிருந்து பெயர் பெற்ற ‘ஓட்ராடெக்’ என்ற உணர்கருவி சாமின் ஒரு தோளில் அமர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் அண்மையில் இருந்தால் அது விரிந்து, அவை இருக்கும் திசையைச் சுட்டிப் படபடக்கிறது. அச்சத்தை நடிப்பது நடிகரின் முகமல்ல, அந்தத் தோள்கருவி. ஆட்டக்காரர் பெரும்பாலும் சாமின் முதுகுப்பக்கமே நிற்கிறார் என்பதால், அந்நேரத்தில் உணர்ச்சியைக் காட்டத்தக்க உறுப்பும் அதுதான். கண்ணில்லாத ஸ்நேக்கிடம் 21 ஆண்டுகளுக்கு முன் கற்றது இது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இவை எல்லாம் கோஜிமாவின் எண்ணங்கள், ஷின்காவா அவற்றுக்கு உருவம் தந்தவர் மட்டுமே என்பார்கள். ஓர் இயக்குநரின் பெயரைப் பெரிதாக அச்சிடும் இத்துறையில் இந்தப் பார்வை வலுவானது. எண்ணம் யாருடையது என்று ஆவணமின்றிப் பிரித்துக் காட்ட இயலாது, நானும் முயலவில்லை. ஆனால் ரெக்ஸின் ரேடோமைப் பொறுத்தவரை ‘உருவம் தந்தவர் மட்டுமே’ என்ற சொற்றொடருக்குப் பொருளில்லை. அங்கே உருவம்தான் எண்ணம்.

2015 டிசம்பரில், கொனாமியிலிருந்து வெளியேறிய கோஜிமாவும் ஷின்காவா உள்ளிட்ட அவருடைய குழுவினரும் கோஜிமா புரொடக்‌ஷன்ஸைத் தனி நிறுவனமாகத் தொடங்கினார்கள். அப்போது அவர்களிடம் காட்ட ஓர் ஆட்டம்கூட இல்லை. நடிகர் எவரும் இன்னும் அறிவிக்கப்படவில்லை. 2016-இல் அவர்கள் உலகுக்குக் காட்டியது ‘லூடன்ஸ்’ என்ற அடையாள உருவத்தை. ஷின்காவா வடிவமைத்த விண்வெளி உடை அது. மண்டையோட்டுச் சாயலில் ஒரு முகமூடி, அதன்கீழ் கவசமிட்ட கனத்த தோள்கள்.