எண்சுவடியும் நம்மூர்க் காணியும்

பழைய பத்திரத்தில் காணி, குழி என்று பார்த்திருப்பீர்கள். நம் பக்கம் காணி என்றால் 132 சென்ட். அந்த 132 எப்படி வந்தது?

24 அடிக் கோலால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று அளந்தால் ஒரு குழி. 24 × 24 = 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. அதை ஒரு சென்ட்டுக்கு உரிய 435.6 ஆல் வகுத்துப் பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோல் 12 அடி. கோல் பாதியானால் குழியும் பாதி என்று நினைத்துவிடாதீர்கள், அது கால்தான்: 144 சதுர அடி. அதனால்தான் அங்கே 100 குழி கொண்ட ஒரு மா 33 சென்ட். நான்கு மா சேர்ந்தால் நம் காணி.

இதை மனதிலேயே போட்டவர்கள் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்கள். எண்ணை அதே எண்ணால் பெருக்கும் குழிமாற்று வாய்பாடு நிலக் கணக்குக்கென்றே இருந்தது. எண்சுவடியில் ஒவ்வொரு வாய்பாட்டின் முடிவிலும் விடைகளின் மொத்தத் தொகையும் வரும். நடுவில் எங்காவது பிசகினால் தொகை காட்டிக்கொடுத்துவிடும். ஏழாம் வாய்பாட்டைப் பத்து வரை கூட்டுங்கள்: 385. எட்டு? 440. ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55, அதன் மடங்குதான் எல்லாம். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்!

ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி வாய்பாடு கடைக்கும் தேவைப்பட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்ததும் அந்தத் தேவை போயிற்று. பத்திரத்தில் காணி அப்படியே நிற்கிறது. பட்டாவில் ஹெக்டேர். ஒரு காணிக்குச் சுமார் 0.535 ஹெக்டேர் வரவேண்டும். உங்களுடையதை ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.