‘கோஷ்’: ஓர் இரவற் சொல்லின் சமூக வரலாறு

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோஷ்’ என்னும் பெயரடை சபை நாகரிகம் அறியாதவரைச் சுட்டுவது. பிரெஞ்சிலே அதன் நேர்ப்பொருள் ‘இடது’ என்பதாகும். இடப்பக்கம் எவ்வாறு நாகரிகமின்மையின் குறியீடாயிற்று என்ற வினா சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று.

பழைய பிரெஞ்சில் இடப்பக்கத்தைக் குறித்தது இலத்தீன் வழிவந்த வேறொரு சொல். பதினைந்தாம் நூற்றாண்டு முதலாக அதன் இடத்தைக் ‘கோஷ்’ படிப்படியாகக் கைப்பற்றியது. விலகுதல், கோணுதல் எனப் பொருள்தரும் வினையிலிருந்து அது பிறந்ததாகக் கருதப்படுகிறது. எதிர்ச்சொல்லாகிய ‘ட்ருவா’வோ வலது, நேர், சட்டம், உரிமை ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிக்கும். வலக்கையின் மேன்மை உடற்கூற்றின் விளைவு மட்டுமன்று, சமூகம் விதித்ததுமாகும் என்பதை ரொபேர் ஹேர்ட்ஸ் 1909இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

ஆயின், ஆங்கிலேயர் இதனை ஏன் கடன் வாங்கினர்? ‘ஓக்வர்ட்’ என்ற சொந்தச் சொல் அவர்களிடம் இருந்தது. அதன் முற்கூறுங்கூட மாறித் திரும்பிய, இடக்கைப்பட்ட என்ற பொருளுடையதே. எனவே சொற்பஞ்சம் காரணமன்று. 1751இல் செஸ்டர்பீல்ட் பிரபு தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ‘கோஷ்’ தலைகாட்டுகிறது. அரசவைகளிலும் பாரிஸ் வரவேற்புக் கூடங்களிலும் ஒழுகும் முறையைப் போதிப்பன அவரது கடிதங்கள். வணிக வர்க்கம் மேலெழுந்து, பணத்தைக்கொண்டு மட்டும் பிரபுவையும் வணிகனையும் வேறுபடுத்த முடியாதுபோன காலம் அது. விலைக்கு வாங்கமுடியாத ஒரு வேறுபாடு தேவைப்பட்டது. நடையும் பேச்சும் அதற்குப் பயன்பட்டன. பிரெஞ்சு ஒலியை உச்சரிக்கத் தெரிந்தவனே பிறனை அச்சொல்லாற் பழிக்கமுடியும் என்பது மனங்கொள்ளத்தக்கது. (இதே பிரபுவின் ஆதரவைச் சாமுவேல் ஜோன்சன் 1755இல் உதறித்தள்ளினார், அவ்வாண்டு வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் ஆங்கிலம் பிரெஞ்சுமயமாவதையும் கண்டித்தார்.)

1789இல், அரசனின் மறுப்பதிகாரம் பற்றிய விவாதத்தின்போது, வேர்சாய் தேசிய சபையில் அதனை எதிர்த்தோர் தலைவரின் இடப்பக்கத்தே திரண்டனர். இடது என்ற சொல் அரசியற் பொருள் பெற்றது இவ்விருக்கை முறையால். பழிச்சொல்லை மக்கள் தமதாக்கிக்கொண்டனர் என்று கூறுவது கவர்ச்சியாயிருப்பினும் வரலாறாகாது. எனினும் இப்பொருளை ஆங்கிலம் ஏற்ற முறை வேறு. கார்லைல் 1837இல் வெளியிட்ட பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில் அது ‘லெப்ட்’ என மொழிபெயர்க்கப்பட்டே வருகிறது. வரவேற்புக் கூடத்துக்கு வேண்டியது அந்நிய ஒலியோடு வந்தது. அரசியல் அரங்குக்கு வேண்டியது சொந்த மொழியில் வந்தது. நாம் வழங்கும் ‘இடதுசாரி’ இவ்விரண்டாம் வழியில் வந்து சேர்ந்ததே.